சாம்பல் மேட்டின் தோலை நான் உரித்த கதை

எனக்கு வயது இருபத்தேழு. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, எங்கள் கல்லூரித் துறையின் வாட்ஸப் குழுவில் ஜூனியர்கள்தான் அறிவித்தார்கள். "சரண்யா அக்கா கும்மிடிப்பூண்டி கம்பெனியில இருந்து ரிட்டயர்டு ஆயிட்டாங்க, ஆளுக்கொரு சால்வை போடுங்கப்பா" என்று ஒருத்தன் போட்டான். வரிசையாக மாலைப் படங்கள் வந்து விழுந்தன. அதோடு விட்டிருக்கலாம். "அக்கா, சுற்றுச்சூழல் படிச்சா ஃபேக்டரியில இன்னா வேல குடுப்பாங்க? அனுபவத்த எழுதுங்க, டிபார்ட்மென்ட் மலர்ல போடலாம்" என்று இன்னொருத்தி கேட்டாள். பெரியவர்கள் முப்பது வருட சர்வீசை எழுதுகிற இடத்தில் இரண்டு வருடத்தை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பது வருடத்தில் செய்யக்கூடிய தப்பை நான் இரண்டு மணி நேரத்தில் செய்து முடித்தவள். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் போக்குவரத்து. என் வீடு வேப்பம்பட்டில். வரைபடத்தில் பார்த்தால் கும்மிடிப்பூண்டி பக்கம்தான். ரயிலுக்கு அது தெரியாது. கிழக்கே பேசின் பிரிட்ஜ் வரை போய், இறங்கி, வடக்கே போகிற வண்டியைப் பிடித்து, கிட்டத்தட்ட வந்த தூரமே திரும்பப் போக வேண்டும். முதல் ஆறு மாதம் ரயிலில் பெருமையாக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். பிறகு அது கதவில் மாட்டி இழுத்ததால் பைக்குள் போனது.

பயிற்சி மூன்று நாள். ஒரு நாள் ஹெல்மெட் அளவு பார்த்தார்கள். ஒரு நாள் தீயணைப்புக் கருவியைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன், காலில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் காலுக்கு மருந்து. நான்காம் நாள் நான் 'சுற்றுச்சூழல் மேற்பார்வையாளர்'. காண்ட்ராக்ட் வேலை. அந்தச் சொல்லை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

கம்பெனியின் பெயர் வேண்டாம். இரும்பு உருக்குகிறார்கள், அதற்கு வேண்டிய மின்சாரத்தை நிலக்கரி எரித்து அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். எரித்தால் சாம்பல் வரும். அந்தச் சாம்பலைக் கொட்டி வைக்கிற இடம் வளாகத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. இரண்டு மேடுகள். புது மேட்டில் தினமும் லாரி கொட்டும். பழைய மேட்டை நான் சேருவதற்குப் பல வருடம் முன்னாலேயே மூடிவிட்டார்கள். நாலைந்து மழைக்காலம் பார்த்த மேடு அது, யாரும் ஏறுவதில்லை. அதை ஒட்டி கம்பி வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் சீமைக்கருவேலங்காடு. காட்டுக்கு அந்தப்பக்கம் பழவேற்காட்டு ஏரியின் ஓரமாக ஒரு மீனவர் குப்பம். மேற்குக் காற்று அடித்தால் எங்கள் சாம்பலுக்கு நேர் வழி அந்தக் குப்பம்தான். அது போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஒரே வரியில் அவ்வளவுதான்.

எப்படிப் பார்த்துக்கொள்வது? தூசி அளக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது, காகித வடிகட்டியை எடை போட்டு வைத்து, ஓடவிட்டு, மறுபடி எடை போட வேண்டும். ஆனால் எங்கள் மேனேஜர் ஸ்டெல்லா மேடம் இயந்திரத்தை நம்பினாலும் தட்டை அதைவிட நம்பினார். சாதாரண எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு. மேடுகளைச் சுற்றி நாலு பக்கமும் நாலு தட்டு, இடுப்பு உயரக் கம்பத்தின் மேல். காலை எட்டு மணிக்கு ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து வைக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு அதில் விழுந்திருப்பதைப் பெயிண்டு அடிக்கிற மெல்லிய பிரஷ்ஷால் காகிதத்தில் கூட்டி, நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் எடை போட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும். தும்மக் கூடாது. நான் தும்மி மூன்று நாள் கணக்கு போயிருக்கிறது.

ஸ்டெல்லா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயது இருக்கும். அவர் அப்பா அம்மா இந்தப் பக்கத்து நிலங்களில் நாற்று நட்டவர்கள், அந்த நிலங்களில்தான் இப்போது தொழிற்பேட்டை நிற்கிறது. மேடம் எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கேட்டில் படுத்திருக்கும் நாயிடம்கூட "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா" என்பார், அதுவும் தள்ளிக்கொள்ளும். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. என்ன சொன்னாலும் ஒரே பதில்: "எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுத்தால் படிப்பார். பென்சிலால் ஒரே ஒரு இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். முதல் வாரம் நான் 'காற்று சாதாரணம்' என்று எழுதியிருந்தேன். 'சாதாரணம்' மேல் வட்டம். பக்கத்தில் பென்சிலில் 'யாருக்கு?' என்று ஒரு சொல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'எல்லோருக்கும்' என்று சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் லாரி ஓட்டியவர் தசரதன். ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், ஆந்திர எல்லையை ஒட்டி. ஆண்கள் எல்லோரும் அவருக்கு 'நைனா'. நான் 'மேடம்', கோபம் வந்தால் 'இந்தாம்மா'. சாம்பல் பறக்காமல் இருக்க இரண்டு மேட்டுக்கும் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது விதி. தசரதன் புது மேட்டுக்கு நாலு நடை அடிப்பார். பழைய மேட்டுப் பக்கம் வண்டி திரும்பவே திரும்பாது. சேர்ந்த இரண்டாம் மாதம் நான் இதைக் கண்டுபிடித்தேன். என் முதல் கண்டுபிடிப்பு. இடுப்பில் கைவைத்துக்கொண்டு லாரி முன்னால் போய் நின்றேன்.

"தசரதண்ணா, பழைய மேட்டுக்கு ஏன் தண்ணி அடிக்கல?"

"அதுக்கு இன்னாத்துக்கு மேடம்? அது பாட்டுக்குத் தூங்கிக்கினு கீது."

"ரூல்ல ரெண்டு மேடும்தான போட்ருக்கு?"

"ரூலு எழுதுனவன் மேட்ட வந்து பாத்தானா? மேல பாசி காஞ்சி, போர்வ மாரி போத்திக்கினு கீது. அதும்மேல இந்த பைப்பால பீச்சி அட்ச்சா பிச்சிக்கினு பூடும்."

"டீசல் மிச்சம் புடிக்கிறீங்கன்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

அவர் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எய்திக்கோ மேடம். படிச்சவங்கோ, கையில பேனா கீது. எய்திக்கோ. நான் நாஷ்டா துன்னு வரேன்."

எழுதினேன். 'டிரைவர் தசரதன் பழைய மேட்டுக்குத் தண்ணீர் தெளிப்பதில்லை. இதனால் தூசி அபாயம் உள்ளது.' மேடம் 'தூசி அபாயம்' என்பதில் வட்டம் போட்டு, 'கிழக்குத் தட்டு?' என்று எழுதித் தந்தார். கிழக்குத் தட்டு பழைய மேட்டை ஒட்டி இருந்தது. தட்டு அழுக்காக இருக்கிறது போல என்று நினைத்து, கடையில் போய்ப் புதுத் தட்டு வாங்கி மாற்றி வைத்தேன். இதை எழுதும்போது என் காது சூடாகிறது. மேடம் கேட்டது வேறு. நாலு தட்டில் கிழக்குத் தட்டில்தான் தினமும் மிகக் குறைவாகத் தூசி விழுந்துகொண்டிருந்தது. என் கையாலேயே எடை போட்டு, என் கையெழுத்திலேயே அந்த எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். படிக்கவில்லை. எழுதுகிறவர்கள் படிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தரவில்லை. புகார்க் கடிதம் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இனி அந்த இரண்டு மணி நேரம்.

இரண்டாம் வருடம் வைகாசியில், ஒரு தரச் சான்றிதழுக்காகத் தணிக்கைக் குழு வருவதாக இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்கள் பேட்டையில் என்ன நடக்கும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பாதை ஓரக் கற்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடிப்பார்கள். சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். நர்சரியிலிருந்து பூந்தொட்டிகள் ஒரு லாரி வரும். ஒரு கம்பெனியில் இறக்கி, குழு போனதும் ஏற்றி, அடுத்த கம்பெனிக்குப் போகும். அந்தத் தொட்டிகளில் ஒரு செம்பருத்தி எனக்கு அடையாளம் தெரியும் அளவுக்குப் பழக்கம்.

சரியாக அதற்கு முந்தின வாரம் ஸ்டெல்லா மேடம் வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போனார். ஒரு வாரத்துக்கு பெர்மிட் அதிகாரம் எனக்கு. பெர்மிட் என்றால், எந்த இயந்திரம் எங்கே வேலை செய்யலாம் என்று அனுமதிக்கும் தாள். அதில் கையெழுத்துப் போடுகிறவர் சொன்னால்தான் ஜேசிபி நகரும். அந்தப் பேனாவை என் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வளாகத்தை ஒரு சுற்று வந்தேன். எல்லாம் பளிச்சென்று இருந்தது. பழைய மேடு மட்டும் கறுப்பும் பச்சையும் கலந்து, சொறி பிடித்த மாதிரி, கண்ணுக்கு அசிங்கமாக இருந்தது. புகைப்படத்தில் எப்படி விழும்? ஏதோ எண்ணெய்க் கசிவு என்றுதானே நினைப்பார்கள்? பெர்மிட் எழுதினேன். வேலையின் விவரம்: 'மேட்டின் மேற்பரப்பைச் சுத்தம் செய்து சமப்படுத்துதல்.' அனுமதித்தவர் என்ற இடத்தில் என் பெயர், நீட்டி முழக்கி.

ஜேசிபி ஏறும்போது தசரதன் லாரியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"இந்தாம்மா, அத்த இன்னாத்துக்கு நோண்டுற?"

"நாளைக்கு ஆடிட்டு. கலீஜா இருக்கில்ல?"

"அது கலீஜு இல்லம்மா. காத்து மாசம் வருது. அத்த கிளறி வுட்டியானா அவ்ளோதான், பேஜாரு."

"பெர்மிட் போட்டாச்சுண்ணா."

"பெர்மிட்ட காத்துக்கு இன்னா படிக்கவா தெரியும்?"

நான் சிரித்தேன். ஜேசிபி ஓட்டுநரும் சிரித்தார். அந்தக் கறுப்புத் தோல் அப்பளம் நொறுங்குகிற மாதிரி நொறுங்கி, அடியிலிருந்து வெளிர் சாம்பல் வெளியே வந்தது. மாவு மாதிரி. இரண்டு மணி நேரத்தில் மேடு முழுக்க ஒரே நிறம், மேலே பக்கெட்டின் பற்கள் போட்ட நேர்க்கோடுகள். மறுநாள் குழுத் தலைவர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, "நல்ல பராமரிப்பு" என்றார். அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

ஆனியில் காற்று வந்தது.

மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் அது கிளம்பும். மேட்டின் தலையிலிருந்து முதலில் ஒரு மெல்லிய புகை. பிறகு சேலை கொடியில் பறக்கிற மாதிரி நீளமாக, வேலியைத் தாண்டி, கருவேலங்காட்டின் மேலாக, கிழக்கே. கிழக்குத் தட்டில் பிரஷ்ஷே தேவைப்படவில்லை, கவிழ்த்தால் போதும். தசரதன் புது மேட்டை விட்டுவிட்டு இங்கே தண்ணீர் அடித்தார். அடித்த அரை மணியில் காய்ந்து மறுபடி பறந்தது.

நாலாம் நாள் கேட்டில் கூப்பிட்டார்கள். குப்பத்திலிருந்து மூன்று பெண்கள். முன்னால் நின்றவர் காசியம்மா, என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கையில் முறம். முறத்தில் காய்ந்த நெத்திலி. அதை என் காலடியில் வைத்தார்.

"இந்தா பொண்ணு. துண்ணு பாரு."

நெத்திலி சிமெண்டு நிறத்தில் இருந்தது.

"ஊரு ஒலகத்துல நெத்திலி வெள்ளையா இருக்கும். எங்குளுது மட்டும் கம்பெனி கலரு. கொடத்துத் தண்ணியில சாம்பலு, சோத்துல சாம்பலு, கொயந்த கண்ணத் தொறக்கமாட்டேன்னு அய்வுது. இத்தினி வருசமா பொக வந்துச்சி, நாத்தம் வந்துச்சி. சாம்பலு வந்ததில்ல. இந்த மாசம் இன்னா புச்சா?"

"இந்த வருஷம் காத்து கொஞ்சம் அதிகம்மா" என்றேன்.

பின்னால் நின்றவர் கெக்கலி கொட்டிச் சிரித்தார். காசியம்மா சிரிக்கவில்லை. "காத்தப் பத்தி எங்கிட்ட சொல்றியா? காத்துலதான எங்க பொயப்பே. காத்து அதேதான் கண்ணு. நீங்கதான் இன்னாவோ பண்ணிக்கினு கீறீங்கோ."

முறத்தை எடுக்காமலே போய்விட்டார்கள்.

புகார் மேலே போனது. மேலே போன புகார் எப்போதும் கீழே ஒருவன் தலையில்தான் இறங்கும். ஏன் பறந்தது? தண்ணீர் தெளிக்காததால். யார் தெளிக்கவில்லை? கோப்பைத் திறந்தார்கள். என் அழகான கையெழுத்து: 'டிரைவர் தசரதன் பழைய மேட்டுக்குத் தண்ணீர் தெளிப்பதில்லை. இதனால் தூசி அபாயம் உள்ளது.' ஒன்றரை வருடத்துக்கு முன்பே எச்சரித்த அறிவாளி என்று எனக்குப் பாராட்டு. தசரதனின் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். வாரக் கடைசியில் விசாரணை, அதுவரை உள்ளே வரக் கூடாது. விசாரணை என்றால் என்ன முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். லாரி காண்ட்ராக்டர் அன்றைக்கே வேறு டிரைவர் தேட ஆரம்பித்துவிட்டார். மறுநாள் காலை நான் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது கேட்டுக்கு எதிரே டீக்கடையில் தசரதன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி டம்ளருக்குள் பார்த்தார்.

நான் அப்போதும் என்ன நினைத்தேன் தெரியுமா? மனுஷன் பாவம்தான், ஆனால் தண்ணீர் தெளிக்காதது உண்மைதானே என்று நினைத்தேன். அதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அன்று மாலை கிழக்குத் தட்டை எடுக்கப் போனேன். கண்ணில் சாம்பல் விழுந்தது. வேலி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன். அந்த இடத்தில், கம்பி வேலியை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு, ஜேசிபியின் பக்கெட் எட்டாத பழைய கறுப்புத் தோல் அப்படியே மிச்சம் இருந்தது. தண்ணீர் அதன்மேல் சிந்தியது. நான் கண்ணைத் துடைத்து, செல்போனில் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு மெசேஜுக்குப் பதில் போட்டுவிட்டுக் குனிந்தால், கறுப்பு பச்சையாகியிருந்தது. தண்ணீர் பட்ட இடம் மட்டும், சிந்தின வடிவத்திலேயே, பச்சை. முதல் மழைக்கு வருகிற மண்வாசனை.

ஒரு துண்டைப் பெயர்த்தேன். மேலே நகக்கனம்தான் இருக்கும். அடியில் வெள்ளை நூல் மாதிரி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், இழை இழையாகத் தொங்கியது. ஒவ்வொரு இழையிலும் சாம்பல் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஊதினேன். பலமாக ஊதினேன். ஒன்றுகூட விழவில்லை. பக்கத்தில் ஜேசிபி சுரண்டிய இடத்தில் லேசாக ஊதினேன். மறுபடி கண்ணில் விழுந்தது.

அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் எனக்கு இது தெரியும். ஜூனியர்களே, உங்கள் அக்கா எம்எஸ்ஸி இறுதியாண்டில் கொடுத்த செமினாரின் தலைப்பு 'பாலைவன நிலத்தைக் காக்கும் உயிருள்ள மண் பொருக்கு'. இருபத்திரண்டு ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் பின்னால் ஒட்டகம். இணையத்திலிருந்து அள்ளி ஒட்டி, முதல் நாள் மனப்பாடம் செய்து, ஏ கிரேடு வாங்கினேன். அதில் நானே சொன்னது இது: மண்ணின் மேற்பரப்பில் நூல் போன்ற நீலப்பச்சை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மழை பட்டால் விழித்து, மணல் துகள்களுக்கு நடுவே ஊர்ந்து போகின்றன. போகிற வழியெல்லாம் பிசின் மாதிரி ஓர் உறையை விட்டுச் செல்கின்றன. காய்ந்து அவை உறங்கினாலும் உறை இருக்கிறது. அது துகளோடு துகளைத் தைத்துப் பிடிக்கிறது. பிறகு பாசியும் மற்றதும் மேலே சேர்ந்துகொள்கின்றன. இந்தத் தோல் இருக்கிறவரை காற்றால் மணலைத் தூக்க முடியாது. ஒரு செருப்புக் கால் மிதித்தால் உடைந்துவிடும். உடைந்த இடத்து மணல் பறந்து பக்கத்துத் தோலை மூடும், வெளிச்சம் இல்லாமல் அதுவும் சாகும். திரும்ப வளர வருடங்கள் ஆகும்.

"இந்தியாவில் இதை எங்கே பார்க்கலாம்?" என்று பேராசிரியர் கேட்டார். "ராஜஸ்தானில் சார்" என்றேன். கைதட்டல்.

பாலைவனம் என்றால் ஒட்டகம் இருக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். சத்தில்லாத, நிழலில்லாத, எதுவும் முளைக்காத சாம்பல் மேடும் அந்த நூல்களுக்கு ஒரு பாலைவனம்தான் என்று தோன்றவில்லை. மழைக்கு மழை அவை அந்த மேட்டைத் தைத்து மூடியிருக்கின்றன. சம்பளமில்லை, பெர்மிட் இல்லை. என் வேலையை எனக்கு முன்னாலிருந்தே செய்துகொண்டிருந்தவை அவை. தசரதன் அதை ஒரே பார்வையில் கண்டுகொண்டு, வண்டியைத் திருப்பாமல் இருந்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

பதிவேட்டைப் புரட்டினேன். முதல் தடவையாகப் படித்தேன். தண்ணீரே படாத ஒன்றரை வருடமும் கிழக்குத் தட்டுதான் கடைசி. ஜேசிபி ஏறிய நாளுக்குப் பிறகு கொஞ்சம் கூடியது. ஆனியில் காற்று கிளம்பியதும் எப்போதும் அதுதான் முதல். தண்ணீர் அடித்த பிறகும் முதல். ஒரு குழந்தைகூடக் கோடு போட்டுக் காட்டிவிடும்.

ஸ்டெல்லா மேடம் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். ஒட்டகம் உட்பட. கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "எழுதிக் குடுங்க."

எழுத உட்கார்ந்ததும் பிறவிக் குணம் வந்துவிட்டது. முதல் கடிதத்தில் 'தகவல் பரிமாற்றக் குறைபாடு காரணமாக மேற்பரப்பில் மாற்றம் ஏற்பட்டது' என்று எழுதினேன். அழகாக இருந்தது, யாருமே செய்யாத வேலை மாதிரி. மேடம் 'தகவல் பரிமாற்றக் குறைபாடு' மேல் வட்டம் போட்டார். இரண்டாவதில் 'தணிக்கை ஏற்பாடுகளின் அவசரத்தில்' என்று எழுதினேன். வட்டம். மூன்றாவதில் தசரதனைப் பற்றி நல்ல மாதிரி நாலு வரி எழுதி, என்னைப் பற்றி எழுத மறந்திருந்தேன். அந்தத் தாளில் வட்டம் எதுவும் போடவில்லை. தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்:

"சரண்யா, இது அவரக் காப்பாத்தாது. மேட்ட யார் கிளறினதுன்னு மேல கேப்பாங்க. ஜேசிபி டிரைவர்னு வெச்சுப்பாங்க. அவரு ஊட்டுக்குப் போவாரு. உங்களுக்குப் பரவால்லையா?"

"என் காண்ட்ராக்ட ரினியூ பண்ண மாட்டாங்க மேடம்."

"மாட்டாங்க" என்றார். பொய் சொல்லி ஆறுதல் சொல்லவில்லை. பிறகு தன் நோட்டைத் திறந்தார். "ஒரு வாரம் பெர்மிட் அதிகாரத்த உங்ககிட்ட குடுத்தது நான். மேட்டப் பத்தி உங்ககிட்ட வாயத் தொறந்து சொல்லாம பென்சில்ல வட்டம் போட்டுக்கிட்டு இருந்ததும் நான்தான். அத நான் எழுதறேன். நீங்க உங்களுத எழுதுங்க."

நாலாவது கடிதம் ஏழு வரி. பழைய மேட்டில் உயிருள்ள தோல் இருந்தது. தண்ணீர் இல்லாமலே அது சாம்பலைப் பிடித்து வைத்திருந்தது, பதிவேடு சாட்சி. டிரைவர் தசரதன் அதைக் கிளற வேண்டாம் என்று என்னிடம் நேரில் சொன்னார். நான் கேட்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷனில் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நான் கையெழுத்துப் போட்டுச் சுரண்டவைத்தேன். அவர்மேல் நான் முன்பு எழுதிய புகார் தப்பு. குப்பத்தில் விழுந்த சாம்பலுக்குக் காரணம் என் பெர்மிட். அதன் நகலை இணைத்தேன். நீட்டி முழக்கிய கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. தசரதனுக்கு பாஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. காண்ட்ராக்ட் நீளாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. மேட்டின்மேல் தென்னைநார் வலையைப் போர்த்தி, ஆடி முடிகிறவரை காலை மாலை பூவாளி மாதிரித் தண்ணீர் தூவினோம். பீய்ச்சவில்லை, தசரதன் பைப் முனையில் தானே ஒரு தகரத்தைத் துளை போட்டுக் கட்டியிருந்தார். சாம்பல் குறைந்தது, நிற்கவில்லை. குப்பத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று மேடமும் நானும் போனோம். காசியம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப காத்து இல்ல, நீ" என்றார். "ஆமாம்மா" என்றேன். "மொறத்த எடுத்தாந்தியா?" என்றார். எடுத்து வந்திருந்தேன். வாங்கித் தட்டி உள்ளே வைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

புரட்டாசியில் என் காண்ட்ராக்ட் முடிந்தது. கடைசி நாள் எல்லோரும் கேக் வெட்டி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மேட்டுப் பக்கம் போனேன். தசரதன் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார். பாஸ் திரும்பக் கிடைத்த நாளிலிருந்து அவர் என்னிடம் வேலைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"கெளம்பிட்டேண்ணா."

"தெரியும். கேக்கு குட்த்தாங்கோ." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உன் லெட்டர மேடம் படிச்சிக் காமிச்சாங்கோ. கட்சியா எய்தின லெட்டரு. நல்லாதான் எய்திக்கீற."

"தப்பு என்னுதுதானண்ணா."

"அது கெடக்குது. என்னத் தூக்குறதுக்கு ஒரு தபா எய்தின. காப்பாத்துறதுக்கு ஒரு தபா எய்தின. ரெண்டு தபாவும் எங்கையில ஒரு வார்த்த கேட்டியா நீ? தசரதா, நீ இன்னா பாத்த, எத்தினி நாளா பாக்குற, ஏன் தண்ணி அடிக்கல... கேட்டியா?"

கேட்கவில்லை. புகார் எழுதுவதற்கு முன்னால் மிரட்டினேன். காப்பாற்றுகிற கடிதத்துக்கு முன்னால் அவர் எதிரே டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார், சாலையைக் கடந்தால் போதும். நான் கடக்கவில்லை. என்னிடம் பதிவேடு இருந்தது, செமினார் இருந்தது. அவருக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"இப்ப கேக்கறேண்ணா. அந்தத் தோல் திரும்ப வருமா?"

அவர் மேட்டைப் பார்த்தார். வலைக்கு அடியில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"வரும். முன்ன வந்தத நான் பாத்தேனே. மொத மழைக்கு ஒண்ணியும் தெரியாது. ரெண்டாவது வருச மழைக்கு அங்கங்க கொஞ்சம் கறுப்பு வுயும், தேமல் மாரி. அப்பால ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும். மூணு மழ, நாலு மழ. யாரும் கால் வெக்காம இருந்தா."

"வெச்சா?"

"வெச்சா மறுபடியும் மொதல்லேர்ந்து. இதுல இன்னா கேள்வி?"

எழுந்தேன். ரயிலுக்கு நேரமாகியிருந்தது. கேட்டுக்குச் சுருக்கு வழி பழைய மேட்டின் அடிவாரம் வழியாக, வேலியை ஒட்டித்தான். அவசரத்தில் எதையும் யோசிக்காமல் அந்தப் பக்கம் திரும்பினேன். காலை எடுத்து வைத்தேன்.

"இந்தாம்மா!" என்றார் தசரதன். "அங்க மிச்சம் கீது, தெரியாது? சுத்திக்கினு போ."

மொட்டை வெயிலில், கையில் சுவர்க்கடிகாரத்தோடு, கொதிகலன், எடை மேடை, கேன்டீன் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ரயில் போயிருந்தது.